முசலிக்கு வந்த இரண்டு தேசங்கள்

2009 மே 19ஆம் திகதி அப்போதைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச பாராளுமன்றத்தில் போர் முடிந்த செய்தியை அறிவித்துப் பேசினார். தொடக்கத்தில் கொஞ்சம் தமிழிலும் பேசினார். இந்த நாட்டில் இனிச் சிறுபான்மை என்று எவரும் இல்லை, இருப்பது இரண்டே கூட்டம், நாட்டை நேசிப்பவர்கள் ஒன்று, நேசிக்காதவர்கள் மற்றது. உரையின் சாரம் இவ்வளவுதான். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் யார் எந்தக் கூட்டம் என்று பிரிக்கப்போவது யார்? மன்னாரில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியாது. அந்தப் பிரிப்பு இங்கே ஏற்கெனவே ஒருமுறை நடந்திருந்தது. அதுவும் தமிழில்.

1990 ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேறச் சொன்னார்கள். யாழ்ப்பாண நகரத்துக்கு இரண்டு மணித்தியாலம், மன்னாருக்குச் சில நாள் தவணை. ஏறத்தாழ 75,000 பேர். அதில் பாதிக்கு மேல் மன்னார் மாவட்டத்தவர். எருக்கலம்பிட்டியிலும் தாராபுரத்திலும் இருந்தவர்கள் கடற்கரையில் காத்துக்கிடந்து, வள்ளம் ஏறிப் புத்தளம் மாவட்டத்துக் கற்பிட்டிக்குப் போனார்கள். கிழக்கில் அந்த ஆண்டு நடந்த கொலைகளின் பகை வடக்கில் தீர்க்கப்பட்டது. காட்டிக்கொடுப்பார்கள் என்ற சந்தேகம் காரணமாகச் சொல்லப்பட்டது. சந்தேகத்துக்கு ஆதாரம் கேட்கும் இடமா அது? தலைமுறை தலைமுறையாகத் தமிழைத் தவிர வேறு மொழி வீட்டில் பேசாதவர்கள், தமிழ்த் தேசத்தின் கணக்கில் வராமல் போனார்கள்.

2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் சந்திப்பில் புலிகளின் அரசியல் ஆலோசகர் அன்ரன் பாலசிங்கம் இந்த வெளியேற்றத்துக்கு மன்னிப்புக் கேட்டார். அப்போது புத்தளத்துக் கிடுகுக் கொட்டில்களில் பிறந்த பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். பிறந்த மண் புத்தளம் என்றாலும், ஊர் எது என்று கேட்டால் அவர்களில் பலர் சொன்னது மன்னார்ப் பக்கத்து ஊரைத்தான். எருக்கலம்பிட்டியில் பிறந்த புவியியல் பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லா, 2018இல் இறக்கும்வரை அந்த வெளியேற்றத்தை ஆராய்ந்து எழுதினார். யார் எங்கே இருந்தார்கள், எதை இழந்தார்கள் என்று ஊர் ஊராகப் பதிவு செய்தார். மண்பற்று என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த வேலைதான். அதில் எந்தக் கொடியும் இல்லை.

முசலிக்கு வருவோம். மன்னாரின் தெற்குக் கரை; முத்துக்குளிப்புக்குப் பெயர்போன அரிப்பு, சிலாவத்துறை, அப்பால் மரிச்சிக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி. போர் முடிந்து மக்கள் திரும்பியபோது காணிகளில் காடு மண்டிக் கிடந்தது. இருபது வருஷம் ஆளில்லாத காணியில் வேறென்ன முளைக்கும்? 2012 ஒக்டோபரில் அந்தப் பகுதி வர்த்தமானி மூலம் வனமாக அறிவிக்கப்பட்டது. 2017 மார்ச்சில் அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன ரஷ்யாவுக்குப் போயிருந்தபோது ஒப்பமிட்ட இன்னொரு வர்த்தமானியால் மாவில்லு ஒதுக்கு வனம் வந்தது. பக்கத்திலுள்ள வில்பத்துத் தேசியப் பூங்காவை முஸ்லிம்கள் அழிக்கிறார்கள் என்று தெற்கில் பெரிய ஆரவாரம்.

காடு வெட்டிக் குடியேற்றியது எதுவுமே நடக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். கல்லாற்றுப் பகுதியில் நடந்த மீள்குடியேற்றம் சட்டவிரோதம் என்றும், முன்னாள் அமைச்சர் ரிஷாட் பதியுதீன் தன் செலவில் அங்கே மரம் நட வேண்டும் என்றும் மேன்முறையீட்டு நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. மரத்துக்காக உண்மையாகவே கவலைப்பட்டவர்களும் இருந்தார்கள். ஆனால் தெற்கில் எழுந்த சத்தம் மரத்தைப் பற்றியது மட்டுமல்ல. ஒரு தேசம் துரத்தியது. திரும்பி வந்தவர்களை மற்றத் தேசம் ஆக்கிரமிப்பாளர் என்றது. இரண்டு தேசத்துக்கும் ஆகாதவர்கள் செய்த குற்றம், தங்கள் ஊருக்குப் போக ஆசைப்பட்டதுதான்.

அதே கரையில் முள்ளிக்குளம். அங்கே இருந்தவர்கள் தமிழ்க் கத்தோலிக்கர். 2007 செப்டெம்பரில் படை நடவடிக்கையின்போது வெளியேற்றப்பட்டார்கள். ஊர் கடற்படைத் தளமாயிற்று. 2017இல் வீதியோரம் கொட்டில் போட்டு இருந்து போராடிய பிறகு ஒரு பகுதிக் காணியை விடுவதாகக் கடற்படையினர் சொன்னார்கள். நாட்டின் பாதுகாப்பு என்ற ஒரு சொல் எத்தனை பேரின் கிணற்றையும் வாடியையும் மூடிவிடுகிறது!

ஜோர்ஜ் ஓர்வெல் 1945இல் எழுதிய கட்டுரை ஒன்றில், ஓரிடத்தின் மீதும் அங்குள்ள வாழ்க்கை முறை மீதும் வைக்கும் பற்று வேறு, அதிகாரத்தைத் தேடும் தேசியம் வேறு என்று பிரித்திருந்தார். தேசியத்துக்கு உண்மையில் ஒரு நாடு இருக்கவேண்டும் என்றுகூட இல்லை என்றார். நாடு உள்ள தேசியமும் நாடு இல்லாத தேசியமும் எப்படி ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்பதைக் காண அவர் முசலிக்கு வந்திருந்தால் போதும், கட்டுரை இன்னும் நீண்டிருக்கும்.

பற்று எப்படி இருக்கும் என்று கேட்டால் மடு மாதா கோவிலைச் சொல்வேன். அந்த மாதா சொரூபமே ஓர் அகதி. ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில் மாந்தையிலிருந்து காட்டுக்குள் கொண்டுபோனது. ஆவணித் திருவிழாவுக்குத் தமிழரும் சிங்களவரும் ஒரே மரங்களின் கீழ்க் கூடாரம் அடிப்பார்கள். 1999 நவம்பரில் கோவிலில் தஞ்சமிருந்தவர்கள் மீது எறிகணை விழுந்து ஏறக்குறைய நாற்பது பேர் செத்தார்கள். இரண்டு பக்கமும் மற்றவரைக் கைகாட்டின. 2008 ஏப்ரலில் சண்டை மறுபடி வாசலுக்கு வந்தபோது, குருமார் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு தேவன்பிட்டிக்குப் போய்விட்டார்கள். எந்தப் படைக்கும் வெற்றிப் படம் எடுக்க மாதா அங்கே இருக்கவில்லை. ஆகஸ்டில் திரும்பக் கொண்டுவந்தார்கள். அந்த நாட்களில் மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகை, 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன், வன்னியில் கணக்கில் வராமல்போன 1,46,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அரசாங்கத்தின் சொந்தக் கச்சேரிக் கணக்கிலிருந்து, போரிலிருந்து வெளியே வந்தவர்களின் ஐ.நா. கணக்கைக் கழித்து வந்த எண் அது. கணக்குக் கேட்டவருக்குக் கிடைத்த பட்டம் புலி ஆதரவாளர். நாட்டை நேசிக்காத கூட்டத்தில் ஓர் ஆயரும் சேர்ந்தார்.

2025இல் மன்னார்த் தீவில் காற்றாலைக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராகத் தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்தே போராடினார்கள். நாட்டுக்கு மின்சாரம் வேண்டாமா என்று வெளியே கேட்டார்கள். வேண்டும்தான். ஆனால் இந்த வேலைகளால் மழை வெள்ளம் வழிந்தோட இடமில்லாமல் வீட்டுக்குள் நிற்கக் கூடாது என்பதும் நாட்டின் ஒரு மூலையில் இருந்து வரும் கோரிக்கைதானே.

மே மாதம் போரில் இறந்தவர்களுக்காக முள்ளிவாய்க்காலுக்கு விளக்கேற்றப் போகும் எங்கள் அரசியல்வாதிகளிடம் ஒன்று கேட்கிறேன். போகவேண்டும், போகாமல் இருக்கக்கூடாது. ஒக்டோபர் கடைசியில் எருக்கலம்பிட்டிக்கும் ஒருதடவை வாருங்கள். மேடையும் ஒலிபெருக்கியும் வேண்டாம். 1990இல் வள்ளம் ஏறியவர்களில் பலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்கள் கேட்பதற்குப் பதிலோடு வாருங்கள். முசலிக் காணி பற்றியும் கேட்பார்கள். வர்த்தமானிப் பிரதியையும் மறக்காமல் கொண்டு வரவும்.