பனியன் ஆர்டருக்கு ஒரே விலை சொல்லலாமா?



மே 5 வணிகர் தினம், கோவில் திருவிழா, பள்ளி விளையாட்டு விழா என்று பெயர் அச்சிட்ட பனியனுக்குத் தேவை இருந்துகொண்டே இருக்கிறது. அரியமங்கலத்தில் நம்மிடம் மளிகை வாங்கும் விழாக் குழுவினரே, "திருப்பூரிலிருந்து நீங்களே வரவழைத்துக் கொடுங்கள்" என்கிறார்கள். நல்ல உபதொழில்தான். ஆனால் "பீஸ் என்ன விலை?" என்றதும் வாயில் வந்த ஒரே விலையைச் சொல்லிவிடுகிறோம். அங்கேதான் முதலுக்கு மோசம்.

பத்து மூட்டை அரிசி கேட்டவர் இரண்டு எடுத்தால், மீதி வேறொருவருக்குப் போகும். ஒரு குழுவின் பெயர் அச்சிட்ட பனியனை வேறு யார் வாங்குவார்?

ஸ்கிரீன் பிரிண்டிங்கில் நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் வேண்டும். 50 பனியன் என்றாலும் 500 என்றாலும் அந்தச் செலவு மாறாது. உதாரணத்துக்கு, பனியனும் அச்சுக் கூலியும் ரூ.125, மூன்று ஸ்கிரீன், லாரி வாடகை சேர்த்து ரூ.2,000 என்று வைப்போம். 200 பனியனுக்கு அடக்கம் ரூ.135. அதுவே 50 பனியனுக்கு ரூ.165. 200 என்று பேசி ரூ.135-ஐ அடக்கமாக வைத்து விலை சொன்னபின் 50 மட்டும் எடுத்தால், அடக்கத்திலேயே ரூ.1,500 துண்டு விழும்.

எனவே கொட்டேஷனை எழுதியே கொடுப்போம். துணியின் ஜிஎஸ்எம், நிறங்கள், சைஸ்வாரி எண்ணிக்கை, ஸ்கிரீன் செலவு தனி, பீஸ் விலை தனி, எத்தனை நாளுக்கு அந்த விலை செல்லும் என அனைத்தும் அதில் இருக்கட்டும். எம்பிராய்டரி என்றால் தையல் எண்ணிக்கையைப் பொறுத்துக் கூலி மாறும். டிசைன் பார்க்காமல் விலை சொல்ல வேண்டாம். வரியையும் தனியே காட்டுவோம். 2025 செப்டம்பர் 22 முதல், ரூ.2,500 வரையுள்ள ஆயத்த ஆடைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்.

மாதிரியில் எழுத்துப்பிழை பார்த்து வாடிக்கையாளர் கையெழுத்திட்டு, முன்பணம் தந்த பிறகே ஸ்கிரீன் போடச் சொல்ல வேண்டும். தெரிந்தவரிடம் எப்படிக் கேட்பது என்று கூச்சம் வேண்டாம். எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது.

பக்கத்துக் கடையை முந்த விலையைக் குறைத்துவிட்டு, 180 ஜிஎஸ்எம் சொன்ன இடத்தில் 140 கொடுப்பது வியாபாரம் ஆகாது. முதல் சலவையிலேயே குட்டு வெளிப்படும். பனியனோடு மளிகை வாடிக்கையும் போய்விடும். அடக்கம் அறிந்து, நியாயமான லாபம் வைத்து, சொன்ன சரக்கைக் கொடுப்போம்.