உல்லாசப் பிரயாணிகளா, ஊமை அடிமைகளா?

உல்லாசப் பிரயாணி என்றால் யார்? கையிலே பணமும் மனத்திலே மகிழ்ச்சியும் கொண்டு, நாலு ஊர் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறவன் என்றுதான் உலகம் பொருள் கொள்ளும். நமது ஈப்போவிலோ அச்சொல்லுக்கு வேறு பொருள் வழங்கிவருகின்றது. மனைவியின் தாலியை அடகு வைத்து ஏஜெண்டுக்குப் பணம் கட்டி, ஊர் பார்க்க வந்ததாகச் சொல்லி முப்பது நாள் அனுமதியில் இறங்கி, மூன்று ஆண்டாகச் சாப்பாட்டுக் கடையின் பின்கட்டிலே பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கிறானே, அவனும் காகிதப்படி ஓர் உல்லாசப் பிரயாணியே! கிந்தா நதியைக்கூட அவன் இன்னும் கண்டிரான்.

நகரத்துக் கடைகளிலும் பட்டறைகளிலும், முன்பு பால் மரம் நின்று இன்று செம்பனை நிற்கும் தோட்டங்களிலும் இத்தகையோர் இருப்பது இரகசியமன்று. ஊரறிந்த செய்தி; ஊரறிந்தும் ஒருவரும் வாய் திறவாத செய்தி. ஆகவே நாம் வாய் திறக்கத் துணிந்தோம். இதனால் நம்மவரிற் சிலருக்குக் கோபம் வருமாயின் வரட்டும்.

நம் பாட்டன்மார் வந்த வரலாற்றை முதலில் எண்ணிப் பார்ப்போம். சஞ்சிக்கூலி முறை 1910-இல் ஒழிந்தது. பின்னர் மேலோங்கி நின்றது கங்காணி முறை. கங்காணி தன் ஊருக்கே போய், தன் உறவின்முறையாரையே கூட்டிவந்து, தலைக்கு இவ்வளவு என்று துரையிடம் காசு வாங்கினான். இந்திய சர்க்கார் 1938-இல் தடை விதித்த பிறகே அவ்வியாபாரம் ஓய்ந்தது. அக்காலத்துத் தொழிலாளிக்குக் கடன் இருந்தது, அடி உதை இருந்தது, கள்ளுக்கடை இருந்தது. ஆயினும் பிரிட்டிஷ் பிரஜையாக வந்த அவன் இந்நாட்டில் இருப்பதே குற்றம் என்று எவரும் சொல்லவில்லை. கதவு அடைபட்டது 1953-இல் நடப்புக்கு வந்த குடிநுழைவுச் சட்டத்தினாலேயாம். அதன் பின் 1968-ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. பிரஜா உரிமை பெறாதவர் வேலை அனுமதியின்றி உழைத்தல் ஆகாது என்றது அச்சட்டம். பல்லாண்டு பால் வெட்டிய கைகள் ஒரு காகிதம் இல்லாத காரணத்தால் வெட்டுக் கத்தியைக் கீழே வைத்தன. பல்லாயிரம் தமிழர் கண்ணீரோடு கப்பலேறினர்.

காகிதமின்மையின் கொடுமையை இவ்வளவு பட்டறிந்த சமூகம் வேறொன்று உண்டோ? அச்சமூகத்தின் பிள்ளைகளே இன்று காகிதமற்றவனை விலைக்கு வாங்கி வேலைக்கு வைக்கிறார்கள் என்றால், இதனினும் வெட்கக்கேடு யாதுளது?

கங்காணியின் சங்கிலி கடன் ஒன்றே. இக்கால ஏஜெண்டோ அதனோடு மேலும் இரண்டு விலங்குகளைப் பூட்டுகின்றான். ஒன்று, பாஸ்போர்ட்டைப் பிடுங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்வது. பிறர் பாஸ்போர்ட்டைச் சட்ட அதிகாரமின்றி வைத்திருத்தல் 1966-ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட்டுச் சட்டப்படி குற்றமாகும். ஆயினும் அதனைச் செய்வோர், ‘பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் வைத்திருக்கிறோம்’ என்று சிரிக்கிறார்கள். மற்றொன்று பயம். நாள் கடந்து தங்கியவனுக்குப் பதினாயிரம் ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதமோ, ஐந்தாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கக் குடிநுழைவுச் சட்டம் இடம் தருகின்றது. லங்காப்பில் உள்ள தடுப்பு முகாமின் பெயரைச் சொன்னாலே போதும், சம்பளம் கேட்கத் திறந்த வாய் மூடிக்கொள்ளும். தொழிலாளர் இலாகாவுக்குப் போவானா? போகும் வழியிலேயே பிடிபடுவோமே என்று அஞ்சுவான். நோயென்று சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போவானா? அங்கும் அதே அச்சம். பிரம்பு எடுக்காமலே அடக்கியாளும் வித்தையை நம் முதலாளிமார் கற்றுக்கொண்டனர்.

இன்னொரு வகையார் உண்டு. இவர்கள் நாள் கடத்துவதில்லையாம், புத்திசாலிகளாம். தவணை முடியுமுன் பெங்காலான் உலு வழியாகப் பெத்தோங்குக்கோ, பாடாங் பெசார் வழியாக ஹாட்யாய்க்கோ ஒரு நடை போய், புது முத்திரை பெற்றுத் திரும்புவார்கள். இப்படியே ஆண்டுகளை ஓட்டிவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. வருகைக்குக் கொடுத்த அனுமதி வசிப்பதற்கு உரிமையாகுமா? நூறு முத்திரை சேர்ந்தாலும் ஓர் உரிமை பிறவாது. பத்தாண்டு இவ்வாறு வந்து போனவனையும் பதினோராம் ஆண்டில் எல்லையில் நிற்கும் அதிகாரி ‘திரும்பிப் போ’ என்பானாயின், அவன் போகவேண்டியவனே. அவன் பாத்திரம் பண்டங்களும் பாக்கிச் சம்பளமும் எல்லைக்கு இப்பால் கிடக்கும்.

‘உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லையே, என்ன செய்வது?’ என்பார் முதலாளிமார். இக்குறையில் உண்மையுண்டு, நாம் மறுக்கவில்லை. முடிதிருத்தகம், ஜவுளிக் கடை, நகைப் பட்டறை ஆகிய மூன்றுக்கும் வெளிநாட்டுத் தொழிலாளரை எடுக்க 2009 முதல் தடையிருந்தது. 2023-இல் 7,500 பேருக்கு இடம் தருவதாக அரசாங்கம் அறிவித்தது. அதே 2023 டிசம்பர் 1 முதல் இந்தியப் பிரஜைகள் முப்பது நாள் விசாவின்றி வரலாம் என்ற சலுகையும் நடப்புக்கு வந்தது. உழைக்க வருவோனுக்கு ஊசித் துவாரம். ஊர் பார்க்க வருவோனுக்கு உலகளந்த வாயில்! இந்த முரண்பாட்டைச் சர்க்கார் தீர்க்கவேண்டும் என்று கேட்பது நம் கடமை. ஆனால் வாயில் குறுகியது என்பதற்காக மனிதனைச் சன்னல் வழியாக இழுத்துப் போடுவது வியாபாரமாகாது. அனுமதியற்றவனை வேலைக்கு வைத்தால் ஆளொன்றுக்குப் பதினாயிரம் முதல் ஐம்பதினாயிரம் ரிங்கிட் வரை அபராதமோ, ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. ஐவருக்கு மேற்பட்டால் சிறை நிச்சயம், பிரம்படியும் விழலாம். இதையறிந்தும் வைக்கிறார்கள் எனில், ஆள் கிடைக்காமை மட்டும் காரணமன்று. எதிர்த்துப் பேசாத ஆள் கிடைப்பதே காரணம்.

‘அவனே விரும்பித்தானே வந்தான்?’ என்பார் வேறு சிலர். நம் பாட்டனும் விரும்பித்தான் கப்பலேறினான்! பசியின் விருப்பத்தை மனிதனின் விருப்பமென்று சொல்வது அறிவாகுமா? மலேசியாவுக்கு வேலைக்குச் செல்லும் கல்வி குறைந்த தொழிலாளியின் ஒப்பந்தத்தைச் சோதித்தே அனுப்ப வேண்டுமென இந்தியாவில் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் இருக்கின்றது. ‘சுற்றுலாப் போகிறேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லவைத்து, அந்தக் காப்பை அவன் கையாலேயே கழற்றிவிடுகிறான் ஏஜெண்டு. பிறகு அவனுக்கு ஒப்பந்தமும் இல்லை, சாட்சியும் இல்லை.

இக்கேடு கடையோடு நிற்பதில்லை, வீட்டுக்குள்ளும் புகுகின்றது. வருகை அனுமதியில் பெண்ணை வரவழைத்து, நல்ல நேரம் பார்த்துக் கோயிலில் தாலி கட்டி, பதிவு அலுவலகத்தை எட்டிப் பாராதவர் நம்மிடையே உண்டு. 1982 மார்ச் 1 முதல் நடப்பிலுள்ள திருமணச் சட்டத்தின் கண்ணுக்குப் பதிவு பெறாத மணம் மணமன்று. அவ்வாறான பெற்றோரின் பிள்ளை தாயின் நிலையையே அடையும் என்பது அரசியல் சட்ட விதி. தகப்பன் பேரா மண்ணில் பிறந்த பிரஜை. பிள்ளையும் ஈப்போவிலேயே பிறந்தது. ஆயினும் அது இந்நாட்டுப் பிரஜையன்று! முறைப்படி பதிந்திருந்தால் பிள்ளைக்குத் தகப்பன் வழி உரிமை வந்திருக்கும். தாய்க்கும் துணைவியர்க்குரிய நீண்டகால வருகை அனுமதியைக் கேட்க வழியிருந்திருக்கும். முகூர்த்தத்துக்குச் செலவிட்ட சிரத்தையில் ஒரு பங்கைக் கையெழுத்துக்குச் செலவிட்டிருந்தால், அக்குழந்தை பள்ளி வாயிலில் தயங்கி நிற்க நேர்ந்திராது. கோயில் மணி சர்க்கார் முத்திரையாகுமா?

தோட்டத்திலே பிறந்து வளர்ந்து முதுமையடைந்தும் சிவப்பு அடையாளக் கார்டோடு வாழும் கிழவர்களுக்காக நாம் மேடையேறி முழங்குகிறோம். அம்முழக்கம் நியாயமானது, அது ஓயக்கூடாது. ஆனால் மேடையில் காகிதமற்றவனுக்காக அழுது, கடையில் காகிதமற்றவனின் கூலியைப் பிடித்துவைப்பவனுக்கு அம்மேடையில் என்ன யோக்கியதை இருக்கின்றது? இன்று நாம் வளரவிடும் இந்த மறைவாழ்வே நாளை இன்னொரு தலைமுறைக்கு அடையாளமற்ற வாழ்வாக முளைக்கும்.

தோழர்களே! உங்கள் ஊரிலிருந்து எவரேனும் ‘விசிட்டில் வரட்டுமா?’ என்று கேட்டால், வேலை அனுமதி கையில் கிடைத்த பின்னரே வா என்று நெஞ்சில் ஈரத்தோடும் வாயில் உறுதியோடும் சொல்லுங்கள். வந்து சிக்கியவன் இருப்பானாயின் அவனைக் காட்டிக்கொடுக்க வேண்டாம். அவன் பாஸ்போர்ட்டும் பாக்கிச் சம்பளமும் அவன் கைக்கு வரத் துணை நில்லுங்கள். அரசாங்கம் அவ்வப்போது திறக்கும் தாயகம் திரும்பும் திட்டங்களை அவனுக்கு எடுத்துச் சொல்லி, தலை நிமிர்ந்து வீடு சேர வழி செய்யுங்கள். ஏஜெண்டுக்கு மாலை போடுவதை நிறுத்துங்கள். மனிதனை மனிதன் விருந்தாளியென்று அழைத்துவந்து அடிமையாய் வைத்திருக்கும் வழக்கம் தமிழர் கடையில் நடக்குமட்டும், சுயமரியாதை என்ற சொல்லை நாம் உச்சரிப்பது வீண்.