நாற்பத்தேழு மாடியில் வர்ற காத்து நம்ம வீட்டுக்குள்ள ஏன் வரல?

மரவள்ளி அறுப்பு, அப்புறம் வீட்டு வேலைன்னு இரண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியவில்லை. இன்றைக்கு விவசாயம் பற்றி எழுதப் போவதில்லை. வீடு கட்டுவது பற்றி. அதுவும் சிங்கப்பூரில் இருக்கிற ஒரு நாற்பத்தேழு மாடிக் கட்டடத்தைப் பற்றி. கள்ளக்குறிச்சிக்காரனுக்கு அது எதுக்குய்யா என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

என் தம்பி பதினோரு வருஷம் சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்தவன். அவன் போன புதுசில், வேலை செய்த இடத்துக்குப் பக்கத்தில் குவீன்ஸ்டவுன் வட்டாரத்து டாசன் என்கிற இடத்தில் ஒரு பெரிய கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அவன் அதில் வேலை செய்யவில்லை. ஆனால் இவன் நின்ற சாரத்திலிருந்து பார்த்தால் அது தெரியும். மாசம் ஒரு போட்டோ அனுப்புவான். "அண்ணே, இன்னும் நாலு மாடி ஏறிடுச்சு பாரு" என்பான். நம்ம ஊரில் கரும்பு வளர்வதைப் பார்ப்பது மாதிரி நான் அந்தக் கட்டடம் வளர்வதைப் பார்த்தேன்.

கட்டடத்தின் பெயர் ஸ்கைவில் அட் டாசன். 2015-ல் முடிந்தது. வோஹா என்கிற கட்டடக்கலை நிறுவனம் வடிவமைத்தது. மொத்தம் 960 வீடுகள். பணக்காரர்களுக்கானது இல்லை, அங்கே அரசாங்க வீட்டு வாரியம் (எச்.டி.பி. என்பார்கள், 1960-ல் ஆரம்பித்தது) சாதாரண ஜனங்களுக்குக் கட்டிக் கொடுத்தது. நம்ம ஊர் ஹவுசிங் போர்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 வீடுகளை ஒரு தெரு மாதிரி சேர்த்து, அந்த 80 பேருக்கும் அந்தரத்திலேயே ஒரு தோட்டம் வைத்திருக்கிறார்கள். அப்படி 12 தெரு. கூரை மேல் சோலார் தகடு, யார் வேண்டுமானாலும் ஏறிப் பார்க்கக்கூடிய ஒரு பூங்கா.

எனக்குப் பிடித்தது இதெல்லாம் இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் காற்று ஒரு பக்கம் நுழைந்து இன்னொரு பக்கம் வெளியேறுகிற மாதிரி கட்டியிருக்கிறார்கள். படிக்கட்டு, நடைபாதைகூட திறந்த வெளிதான். வெயிலை மறைக்க சன்னலுக்கு மேல் நீட்டல். மழை பெய்யும்போதும் சாரல் அடிக்காமல் காற்று மட்டும் வருகிற மாதிரி ஒரு தனிச் சன்னல், அதற்கு மழைக்காலச் சன்னல் என்றே பெயர். அந்த ஊரை உருவாக்கிய லீ குவான் யூவே ஏசியைப் பெரிய கண்டுபிடிப்பு என்று புகழ்ந்தவர். அப்படிப்பட்ட ஊரில், ஏசி போடாமலும் இருக்க முடியும் என்று நினைத்து ஒரு அரசாங்கக் கட்டடத்தைக் கட்டியிருக்கிறார்கள். (மாட்டுகிறவர்கள் மாட்டிக்கொள்ளத்தான் செய்கிறார்கள், அது வேறு.)

தம்பி தங்கியிருந்த ரூமில் பன்னிரண்டு பேர். இரண்டடுக்குக் கட்டில், ஒரே ஒரு சன்னல். அந்தக் கட்டடம் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலே ஏறிப்போய் மதியம் வரைக்கும் சும்மா உட்கார்ந்திருக்கிறான். "காத்து அள்ளிட்டுப் போவுதுண்ணே, தூக்கமே வந்துடுச்சு" என்று போனில் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

சரி, இப்போது நம்ம ஊருக்கு வருவோம்.

தம்பி ஊருக்குத் திரும்பி வந்துவிட்டான். கையில் கொஞ்சம் காசு இருக்கிறது. பழைய வீட்டை இடித்துவிட்டு ஆர்.சி. போட்டுக் கட்டலாம் என்கிறான். பழைய வீடு அப்பா கட்டியது. ஒன்றரை அடி மண் சுவர், மேலே நாட்டு ஓடு, முன்னால் திண்ணை. அம்மா இன்னும் அதில்தான் படுக்கிறார். தம்பி போட்டுக்கொண்டு வந்த பிளானைப் பார்த்தேன். இருபதுக்குப் பன்னிரண்டில் ஒரு பெரிய ஹால், மூன்றுக்கு மூன்றில் இரண்டு சன்னல், இரண்டும் ஒரே பக்கத்துச் சுவரில். மேற்குப் பக்கம் மொட்டைச் சுவர், அரையடி ஹாலோ பிளாக். ஒரு மூலையில் "ஏசி பாயின்ட்" என்று எழுதியிருந்தது.

"ஏன்டா, அந்த டாசன் கட்டடத்துல சன்னல் எப்படி வெச்சிருந்தான்னு எனக்குப் போட்டோ அனுப்பினவன் நீதானே?" என்று கேட்டேன்.

"அது சிங்கப்பூர்ண்ணே. இங்க எல்லாரும் இப்பிடித்தான் கட்றாங்க" என்றான்.

அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. ஊரில் எல்லாருமே இப்படித்தான் கட்டுகிறோம். பக்கத்துத் தெருவில் கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் ஒருவர் வீடு கட்டியிருக்கிறார். 360 சதுர அடி, மூன்றரை லட்சம் அரசு மானியம். நல்ல திட்டம், நான் குறை சொல்லவில்லை. குடிசைக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கூரை மாற்றி, கரும்புச் சோகைக்கு அலைந்து, கோடையில் எங்கே நெருப்புப் பொறி பறக்குமோ என்று பயந்து வாழ்ந்தவர்களுக்கு ஒரு தளம் போட்ட வீடு என்றால் அது மரியாதை. பொண்ணு கேட்டு வருகிறவர்கள்கூட முதலில் கூரையைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் அதே ஆள் சித்திரை, வைகாசியில் ராத்திரி பத்து மணிக்கு மொட்டை மாடியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார். ஊற்றிவிட்டு வெளியே கட்டிலைப் போட்டுப் படுக்கிறார். வீட்டுக்குள் ஃபேனைப் போட்டால் சூடான காற்றைத்தான் இறக்குகிறது.

காரணம் பெரிய ரகசியம் இல்லை. ஐந்தங்குல கான்கிரீட் பகல் முழுக்க வெயிலைக் குடிக்கிறது. குடித்ததை ராத்திரி நம்ம தலையில் இறக்குகிறது. நாட்டு ஓடு பகலில் சூடாகும், ஆனால் இருட்டினதும் ஆறிவிடும், அதிலும் இடுக்கு வழியே சூடு மேலே போய்விடும். மண் சுவர் கனமாக இருப்பதால் வெயில் உள்ளே வந்து சேர்வதற்குள் சாயங்காலம் ஆகிவிடும். அப்போது கதவைத் திறந்து போட்டால் போதும். இது அப்பாவுக்குத் தெரிந்த கணக்கு. கான்கிரீட் வந்ததும் அந்தக் கணக்கு தேவையில்லை என்று நினைத்துவிட்டோம். அதுதான் தப்பு. கான்கிரீட் மேல் எனக்குக் கோபம் இல்லை, அதை மொட்டையாக விட்டுவிடுகிறோமே, அதுதான் கோபம்.

கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்குப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று இருக்கிறது. கச்சிராயபாளையம் வழியாக மேலே போனால் அவர்கள் வீட்டில் ஒரு வாய் காபி குடிக்காமல் வர முடியாது. அரசாங்கம் கட்டிக் கொடுத்த கான்கிரீட் வீடு முன்னால், மண் சுவர் வைத்துப் புல் வேய்ந்த பழைய வீடு பின்னால். கான்கிரீட் வீட்டில் சாமை மூட்டையும் டிவியும் இருக்கிறது. மனுஷங்க பின்னால் படுக்கிறார்கள். கேட்டால் அந்தப் பெரியவர் சிரிக்கிறார், "அதுல மூட்டைக்குத்தான் சொகம்" என்று. மலையில் ராத்திரி குளிர் வேறு. கோடையில் சுடுகிற வீடு மார்கழியில் விறைக்கிறது.

நான் இதைப் பற்றி கொஞ்சம் தேடிப் படித்தேன். மத்திய அரசின் எரிசக்தித் துறை 2018-ல் "ஈகோ நிவாஸ் சம்ஹிதா" என்று குடியிருப்புக் கட்டடங்களுக்கு ஒரு விதிமுறை கொண்டுவந்திருக்கிறது. அதில் இரண்டு விஷயம் நமக்கு வேண்டியது. ஒன்று, கூரை வழியாக எவ்வளவு சூடு இறங்கலாம் என்பதற்கு ஒரு வரம்பு: 1.2 என்று ஒரு எண். மேலே எதுவும் போடாத வெறும் கான்கிரீட் தளம் கிட்டத்தட்ட அதைப்போல் மூன்று மடங்கு சூட்டை விடுகிறது. இரண்டாவது, நம்ம மாதிரி வெக்கையும் புழுக்கமும் உள்ள பகுதியில் திறக்கக்கூடிய சன்னல், காற்றோட்ட வழி எல்லாம் சேர்த்து தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும்.

ஆனால் இந்த விதி 500 சதுர மீட்டருக்குக் குறையாத மனைகளுக்குத்தான். அதாவது பட்டணத்து அபார்ட்மென்டுக்கு. 360 சதுர அடி வீட்டுக்குக் கிடையாது. ஏசி வாங்கி மாட்ட வசதி உள்ளவனுக்குச் சூட்டிலிருந்து பாதுகாப்பு விதி, ஃபேனுக்கே கரண்ட் பில் பார்க்கிறவனுக்கு ஒன்றும் இல்லை! அஸ்திவாரம், லிண்டல், கூரை என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போய்த்தான் பணம் விடுகிறார்கள். அந்தப் போட்டோவோடு சன்னல் அளவையும் எழுதினால் என்ன? மூன்றரை லட்சத்தில் கூரைக்கு மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டுத் தட்டோடு பதிக்க ஒரு தொகையைச் சேர்த்தால் என்ன? சிங்கப்பூர் அரசாங்கம் 960 குடும்பத்துக்கு யோசித்ததை நம்ம அரசாங்கம் லட்சக்கணக்கான குடும்பத்துக்கு யோசிக்கலாம். ஒரே வரைபடம்தானே, ஒரு தடவை நன்றாகப் போட்டால் போதும்.

சிங்கப்பூரை அப்படியே காப்பி அடிக்கச் சொல்லவில்லை. அங்கே பகலில் முப்பத்தொன்று, முப்பத்திரண்டு டிகிரி, வருஷம் முழுக்க ஒரே மாதிரி, அதனால் பகலிலும் சன்னலைத் திறந்து வைக்கலாம். இங்கே மே மாதத்தில் நாற்பதைத் தொடும்போது மதியம் சன்னலைத் திறந்தால் அனல்தான் வரும். இங்கே பகலில் மூடி ராத்திரி திறக்கிற வீடு வேண்டும், கனமான சுவர் வேண்டும், மேற்கு வெயிலுக்கு நிழல் வேண்டும். ஆனால் உட்கார்ந்து யோசித்தார்கள் பாருங்கள், வெயில் எந்தப் பக்கம், காற்று எந்தப் பக்கம் என்று, அதை மட்டும் காப்பி அடித்தால் போதும்.

வீட்டில் இரண்டு வாரம் சண்டை. கடைசியில் அம்மாதான் முடித்து வைத்தார். "எனக்கு ஓட்டு வூடு போதும், நீங்க என்னமோ கட்டிக்குங்கடா, இத இடிக்கிறதா இருந்தா என்னைத் தூக்கிப் போட்டுட்டு இடிங்க." அதற்கு மேல் தம்பி பேசவில்லை. பழைய வீடு இருக்கட்டும், பக்கத்தில் இருந்த மாட்டுக் கொட்டகை இடத்தில் புது ஹால் என்று முடிவு.

புது ஹால் 240 சதுர அடி. ஆறில் ஒரு பங்கு என்றால் 40 சதுர அடி சன்னல் வேண்டும். தம்பி பிளானில் 18 தான் இருந்தது, பாதிகூட இல்லை. நாலுக்கு நாலில் இரண்டு சன்னல், வடக்கில் ஒன்று தெற்கில் ஒன்று, எதிரும் புதிருமாக. அது 32. மேலே இரண்டடிக்கு ஒரு அடியில் நாலு வெண்டிலேட்டர், அது 8. கணக்கு சரியாகிவிட்டது. அப்பா காலத்து வீடுகளில் எல்லாம் உச்சியில் இந்த ஓட்டை இருந்தது, குருவி கூடு கட்டும். சூடு மேலேதான் போய் நிற்கும், அதற்கு ஒரு வழி. மேற்குச் சுவரில் சன்னல் இல்லை, வெளியே திண்ணை, தாழ்வாரம் இறக்குகிறோம். சன்ஷேடு இரண்டரை அடி. தளத்துக்கு மேல் சுண்ணாம்பு, செங்கல் ஜல்லி போட்டு, வெள்ளைத் தட்டோடு.

கொத்தனாருக்குப் பிடிக்கவில்லை. "கொசு வரும், திருடன் வருவான், கம்பி செலவு ஏறும்" என்று மூன்று காரணம் சொன்னார். கம்பி செலவு உண்மைதான், கணக்குப் போட்டால் ஏசி விலையில் பாதிகூட வரவில்லை. கொசுவலை அடித்துவிடுவோம். திருடனுக்கு எங்கள் வீட்டில் மரவள்ளிக் கிழங்குதான் கிடைக்கும்.

தம்பி இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. ஏசி பாயின்ட்டை மட்டும் விட்டுவிடச் சொல்லிக் கேட்டான், விட்டிருக்கிறேன். நேற்று சாயங்காலம் லிண்டல் மட்டம் வந்தது. டேப்பை எடுத்துக்கொண்டு போய் சன்னல் இடத்தை அளந்தேன். தெற்குச் சன்னலில் நாலடிக்குப் பதிலாக மூன்றே முக்கால்தான் விட்டிருக்கிறார் கொத்தனார். நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி போய், "மேஸ்திரி, கால் அடி கொறையுது, பிரிச்சுக் கட்டுங்க" என்றான்.