வீட்டு வேலையில் கணவர் 'ஹெல்ப்' பண்றாரா? கணக்கெடுப்பும் கோர்ட்டும் சொல்வது என்ன?

"என் மனைவிக்கு நான் நல்லா ஹெல்ப் பண்ணுவேன்." பல வீடுகளில் ஆண்கள் பெருமையாகச் சொல்வது இது. சரி, அந்த ஹெல்ப் ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம்? மத்திய அரசிடமே அதற்குக் கணக்கு இருக்கிறது.

289 நிமிடமும் 88 நிமிடமும்

மக்கள் 24 மணி நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்பதுதான் தேசிய புள்ளியியல் அலுவலகத்தின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு. 2024 கணக்கெடுப்பின்படி, சம்பளம் இல்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் தினமும் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். கிட்டத்தட்ட 5 மணி நேரம். ஆண்கள்? 88 நிமிடம்தான்.

இந்த 88 நிமிடமும் எல்லா ஆண்களுக்குமான சராசரி இல்லை. வீட்டு வேலை செய்யும் ஆண்களுக்கு மட்டுமானது. 2019 கணக்கெடுப்பில் அப்படிப்பட்ட ஆண்கள் வெறும் 26.1%. பெண்களோ 81.2%.

5 வருடத்தில் மாறியது என்ன?

2019-ல் பெண்கள் 299 நிமிடமும், ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டனர். பெண்களுக்கு 10 நிமிடம் குறைந்திருக்கிறது. ஆண்களுக்கும் 9 நிமிடம் குறைந்திருக்கிறது! அதாவது, இடைவெளி அப்படியேதான் இருக்கிறது. இதே காலத்தில், 15 முதல் 59 வயதுப் பெண்களில் வருமானம் தரும் வேலைகளில் ஈடுபடுவோர் 21.8%-லிருந்து 25% ஆகியுள்ளனர். ஆபீஸ் முடிந்து வீட்டுக்கு வந்தால் அடுத்த ஷிப்ட்.

இந்த உழைப்புக்கு மதிப்பு உண்டா?

உண்டு என்கின்றன நீதிமன்றங்கள். விபத்து இழப்பீட்டு வழக்கு ஒன்றில், இல்லத்தரசியின் உழைப்புக்கும் வருமானம் கணக்கிட வேண்டும் என 2021-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. கணவர் சம்பாதித்து வாங்கிய சொத்தில், குடும்பத்தைக் கவனித்துக்கொண்ட மனைவிக்கும் சம பங்கு உண்டு என 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தீர்ப்பளித்தார்.

ஆனால் ஒன்று விபத்தில் உயிர் போன பிறகு வந்த வழக்கு. மற்றொன்று குடும்பம் பிரிந்து சண்டை வந்த பிறகு வந்த வழக்கு. ஒன்றாக வாழும்போது அந்த உழைப்பை யார் கணக்கில் எடுப்பது?

தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15-ல் மாதம் 1,000 ரூபாயுடன் தொடங்கிய திட்டத்துக்கு, 'உதவி' என்று இல்லாமல் கலைஞர் மகளிர் 'உரிமை'த் தொகை என்றே பெயர் வைக்கப்பட்டது. இது சம்பளம் அல்ல, அங்கீகாரம். தினமும் 289 நிமிட உழைப்போடு ஒப்பிட்டால் மணிக்கு 7 ரூபாய்கூட வராது.

'சொன்னா செய்வேனே!'

கேஸ் எப்போது தீரும், மாமியாருக்கு மாத்திரை இருக்கிறதா, குழந்தைக்கு நாளைக்கு என்ன பரீட்சை என்று ஞாபகம் வைத்திருப்பதே தனி வேலை. 'சொன்னா செய்வேனே' என்பவர், அந்த வேலையை மனைவியிடமே விட்டுவிடுகிறார்.

அதனால் ஹெல்ப் வேண்டாம், முழுப் பொறுப்பாக எடுத்துக்கொண்டால்தான் நேரம் மிச்சமாகும். 'பிள்ளையை ஸ்கூலுக்குக் கிளப்புறது என் வேலை' என்று அப்பா சொன்னால், டிபன் பாக்ஸ் கழுவுவது முதல் டைரியில் கையெழுத்து வரை அவருடையது. அம்மா ஒருமுறைகூட ஞாபகப்படுத்தத் தேவையிருக்கக் கூடாது.