குரங்குக் கூண்டில் ஒரு மனிதர்

'டார்வின் மட்டும் பிறக்காமல் இருந்திருந்தால் உலகத்தில் இனவெறியே வந்திருக்காது' என்பார் ஒரு நண்பர். 'போங்க சார், எல்லாம் மதம் பண்ணின வேலை' என்பார் இன்னொருவர். இருவருக்குமாக ஒரு நிஜக் கதை.

1906 செப்டம்பர். நியூயார்க்கின் பிராங்க்ஸ் மிருகக்காட்சி சாலை. குரங்குகள் இருக்கும் கட்டடத்தில் ஒரு கூண்டு. உள்ளே ஓர் ஒராங்குட்டான். கூடவே ஒரு மனிதர்! பெயர் ஒட்டா பெங்கா. ஆப்பிரிக்காவில் காங்கோ காட்டைச் சேர்ந்தவர். வெளியே போர்டு: உயரம் 4 அடி 11 அங்குலம், எடை 103 பவுண்டு, செப்டம்பர் முழுக்க தினமும் பிற்பகலில் காட்சி. ஏதோ மேட்னி ஷோ மாதிரி! ஜனம் ஆயிரக்கணக்கில் வந்து வேடிக்கை பார்த்தது.

எதிர்த்து எழுந்தவர்கள் கறுப்பினப் பாதிரியார்கள். ஜேம்ஸ் கார்டன் என்பவர் முன்னால் நின்றார். அவர்களுக்கு இரண்டு கோபம். ஒன்று, எங்கள் மனிதரைக் குரங்கோடு வைத்ததற்கு. இரண்டு, இது டார்வின் கொள்கைக்கு விளம்பரம் என்று. கடைசியில் பெங்காவை விடுவித்து, தான் நடத்திய அநாதை இல்லத்துக்கே கூட்டிப் போனார் கார்டன்.

'பார்த்தீர்களா, மதம்தான் காப்பாற்றியது' என்று முதல் நண்பர் கை தட்டுவார். பொறுங்கள். பெங்காவை 1904-ல் அமெரிக்காவுக்கு அழைத்து வந்த வெர்னர் யார் தெரியுமோ? முன்னாள் மிஷனரி!

டார்வினின் புத்தகம் வந்தது 1859-ல். அதற்கு 200 வருஷம் முன்பிருந்தே அமெரிக்காவில் கறுப்பர்கள் அடிமைகள். அப்போது எஜமானர்கள் காட்டியது பைபிளை. நோவா தன் பேரன் கானானை 'அடிமையாகப் போ' என்று சபித்தாராம். கறுப்பர்கள் அந்த வம்சமாம். அந்த இடத்தில் தோல் நிறம் பற்றி ஒரு வார்த்தை கூடக் கிடையாது.

டார்வின் அடிமை முறையை வெறுத்தவர். மனித இனம் எல்லாம் ஒரே வேர் என்று 1871-ல் எழுதினார். ஆனால் 'நாகரிகர், காட்டுமிராண்டி' என்று தரம் பிரிக்கும் அந்தக் காலத்துப் பழக்கம் அவரையும் விடவில்லை. பின்னால் வந்தவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

ஆபீஸில் பார்த்திருப்பீர்கள். முதலில் லீவு தேவைப்படும். அப்புறம்தான் பாட்டிக்கு சீரியஸ் ஆகும். இனவெறியும் அப்படித்தான். முதலில் தோட்ட வேலைக்குக் கூலியில்லாத ஆள் வேண்டியிருந்தது; காரணம் பிறகு தேடப்பட்டது. முதல் பாட்டி பைபிள், இரண்டாம் பாட்டி விஞ்ஞானம்.

ஒட்டா பெங்கா பிறகு வர்ஜீனியாவில் புகையிலை ஃபாக்டரியில் வேலை பார்த்தார். ஊருக்குத் திரும்ப ஆசை, வழியில்லை. 1916 மார்ச்சில் தன்னைத் தானே சுட்டுக்கொண்டு செத்துப் போனார். அதே 1916-ல், அந்த மிருகக்காட்சி சாலையை நடத்திய சங்கத்தின் செயலாளராக இருந்த மாடிசன் கிராண்ட் ஒரு புத்தகம் போட்டார். வட ஐரோப்பிய வெள்ளையர்தான் உசத்தி என்று. நாஜிகளுக்கு அது ரொம்பப் பிடித்துப் போயிற்று.

எந்த இரண்டு மனிதரை எடுத்தாலும் டி.என்.ஏ. சுமார் 99.9 சதவீதம் ஒன்றுதான் என்கிறது இன்றைய விஞ்ஞானம். அந்தச் சங்கமும் மன்னிப்புக் கேட்டுவிட்டது. 2020-ல். 114 வருஷம் கழித்து.

மட்டம் தட்டுவதற்கு யார் எந்தப் புத்தகத்தை நீட்டினாலும், நீட்டுகிற ஆசாமிக்கு அதில் என்ன லாபம் என்று ஒரு தரம் கேட்டுப் பாருங்கள்.