விமானம் ஓட்டப் பழகும் பிள்ளைகள்

பியர்ஃபித்-சூர்-செய்ன் 2025 சனவரியில் சென்-டெனியுடன் இணைந்துவிட்டது. அயலிலுள்ள லு பூர்ஜே விமானங்களின் இரைச்சலோ மாறவில்லை. அச்சத்தம் கேட்டதும் பதுங்குகுழி தேடி ஓடிய தலைமுறை நாம். 1995 ஆடி 9 இல் நவாலி தேவாலயத்தில் தஞ்சமடைந்தோர் மீது வீழ்ந்த குண்டுகளை மறப்பதெங்ஙனம்? ஆகவே, விமானம் ஓட்டப் பழகப்போகிறேன் என்று பிள்ளை சொன்னால் தாயின் வயிறு கலங்குவது இயல்பே. ஆயினும், அப்பயிற்சி எத்தகையதென அறியாமல் மறுப்பது முறையன்று.

தனியார் விமானி உரிமப் பரீட்சைக்கு முன்னர் பொதுவாக ஆகக்குறைந்தது 45 மணித்தியாலப் பறப்புப் பயிற்சி வேண்டும். அதில் 25 ஆசிரியருடன். 10 அவரது மேற்பார்வையில் தன்னந்தனியே. 270 கிலோமீற்றர் பயணமொன்றைத் தனித்தே மேற்கொண்டு, வழியில் வேறு இரு விமானத்தளங்களில் இறங்கி ஏற வேண்டும். 16 வயது நிரம்பாதவர் தனியே பறக்க முடியாது. ஆசிரியருக்குத் திருப்தி ஏற்படாதவரை வயது வந்தவரும் முடியாது. (இக்கண்டிப்பு நமது ரியூசன் வகுப்புகளில் ஏது?)

செலவு பெரிது, மறைப்பதற்கில்லை. எனினும், பாடசாலைகள் பலவற்றில் 13 வயதிலிருந்தே பெறக்கூடிய ‘பே-ஈ-ஆ’ எனும் விமானவியல் அறிமுகச் சான்றிதழ் உண்டு. அதைப் பெற்றவர்களுக்குப் பிரெஞ்சு விமானச் சம்மேளனம் உதவிப்பணமும் வழங்குகிறது. மருத்துவர், பொறியியலாளர் என்ற இரு சொற்களுக்குள் பிள்ளைகளைப் பூட்டிவைத்திருக்கும் பெற்றோர், அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இதுபற்றி ஒருமுறை விசாரிக்கட்டும்.