வெள்ளைப் புகை: காருக்குக் குளிரா, காய்ச்சலா?

மார்கழி மாதம். விடியற்காலை ஐந்து மணி. உத்திரமேரூர் ஏரிப் பக்கமிருந்து பனி இறங்குகிறது. வாடகைக் கார் ஒன்று செங்கல்பட்டுக்குக் கிளம்புகிறது. சாவியைத் திருப்பியதும் சைலன்சரிலிருந்து குபுகுபுவென்று வெள்ளைப் புகை!

டிரைவருக்கு நெஞ்சு படபடக்கிறது. "என்ஜின் போய்விட்டதோ?"

எனக்குத் தெரிந்த ஒருவருக்கு இப்படித்தான் நடந்தது. கார்தான் அவர் குடும்பத்துக்குச் சோறு போடுகிறது. பயந்துபோய்ப் பட்டறைக்கு ஓட்டிச் சென்றார். மெக்கானிக் எட்டிப் பார்த்தார். "ஹெட் கேஸ்கட் போச்சு. என்ஜினைப் பிரிக்க வேண்டும்" என்றார். மனைவியின் நகை அடகுக் கடைக்குப் போனது. என்ஜின் பிரிக்கப்பட்டது, மாட்டப்பட்டது. மறுநாள் காலையிலும் அதே புகை!

ஏன்? அது புகையே அல்ல. வெறும் நீராவி!

பெட்ரோல் எரியும்போது தண்ணீர் உண்டாகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர்! நம்புவதற்குக் கஷ்டமாக இருக்கும், ஆனால் உண்மை. பகலில் அந்த ஆவி கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. குளிர்ந்த காலையில் நம் வாயிலிருந்து வரும் மூச்சுப் போல வெள்ளையாகத் தெரிகிறது. என்ஜினும் குழாயும் சூடேறியதும் தானாக நின்றுவிடும். இதற்கு வைத்தியம் வேண்டாம். பத்து நிமிடம் பொறுமை போதும்.

நிற்காத புகைதான் நோய்

என்ஜின் நன்றாகச் சூடேறிவிட்டது. வெயிலும் வந்துவிட்டது. அப்போதும் வெள்ளைப் புகை அடர்த்தியாக வருகிறதா? முகர்ந்தால் தித்திப்பான வாடை அடிக்கிறதா? கூலன்ட் டப்பாவில் அளவு நாளுக்கு நாள் குறைகிறதா? வெளியே ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லையா? அப்படியானால் அந்தத் தண்ணீர் என்ஜினுக்குள் போய் எரிகிறது என்று பொருள்.

என்ஜினின் உடம்புக்கும் அதன் தலைக்கும் நடுவே மெல்லிய தகடு ஒன்று இருக்கிறது. அதுதான் ஹெட் கேஸ்கட். நெருப்பு, எண்ணெய், தண்ணீர் மூன்றையும் ஒன்றோடொன்று கலக்காமல் காப்பது அதன் வேலை. என்ஜின் அளவுக்கு மீறிச் சூடானால் அலுமினியத் தலை வளைகிறது. தகடு விட்டுக்கொடுக்கிறது. தண்ணீர் நெருப்புக்குள் புகுந்து ஆவியாகி வெளியே வருகிறது. சில சமயம் எண்ணெயிலும் கலக்கிறது. அப்போது எண்ணெய் பால் காப்பி நிறத்துக்கு மாறும். எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெள்ளை படிந்திருந்தால் உடனே பயந்துவிடாதீர்கள். பக்கத்து ஊருக்கு மட்டுமே போய்வரும் வண்டியில், குளிர்காலத்தில் அது சாதாரணம். அளவு பார்க்கும் கம்பியை இழுத்துப் பாருங்கள்.

டீசல் வண்டியின் கதை வேறு. எரியாத டீசலே வெள்ளையாக வரும், கண் எரியும். ஹீட்டர் பிளக்கையும் இன்ஜெக்டரையும் முதலில் சோதிக்க வேண்டும். நீலப் புகையானால் எண்ணெய் எரிகிறது. கறுப்பானால் எரிபொருள் அதிகம்.

வினை எங்கே தொடங்குகிறது?

பெரும்பாலும் ஒரு குடம் தண்ணீரில்! நம் பக்கத்தில் ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் என்ன செய்கிறோம்? போர் தண்ணீரை ஊற்றுகிறோம். அதில் உப்பு அதிகம். வீட்டில் வெந்நீர் அண்டாவின் அடியில் படியும் வெள்ளைக் காறையைப் பார்த்திருப்பீர்கள். அதே காறை ரேடியேட்டரின் நுண்ணிய குழாய்களிலும் படிகிறது. சூடு தணியாது. தலை வளையும். கூலன்ட்டுக்குக் காசு செலவழிக்கத் தயங்குகிறவர், பிறகு அதைப்போலப் பல மடங்கு கொடுக்கிறார்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. கூலன்ட் தித்திக்கும், ஆனால் விஷம். குழந்தையோ நாயோ கன்றுக்குட்டியோ நக்கும்படி வைக்காதீர்கள். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவும் விடாதீர்கள். ஆவி அடங்காத பிரஷர் குக்கரைத் திறப்பது போன்றது அது. முகம் வெந்துவிடும்.

கணக்குக் காட்டு!

பிரிப்பதற்கு முன் சோதிக்கச் சொல்லுங்கள். இதுதான் என் கட்சி. ரேடியேட்டருக்குள் காற்றை அடித்து, அழுத்தம் குறைகிறதா என்று பார்க்கும் கருவி உண்டு. ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் நீல மருந்தும் உண்டு. எரிந்த வாயு கலந்திருந்தால் அது மஞ்சளாக மாறும். அரை மணி நேர வேலை. இதைச் செய்யாமல் ஸ்பானரைக் கையில் எடுக்கிறவரிடம் காரைக் கொடுக்காதீர்கள்.

நோய் உறுதியானால் பிரிக்கத்தான் வேண்டும். ஓட்டை அடைக்கும் மருந்தை நம்பாதீர்கள்; அது நல்ல குழாயையும் சேர்த்து அடைத்துவிடும். தலையை லேத் பட்டறையில் மட்டம் பார்க்க வேண்டும். புது கேஸ்கட் போட வேண்டும். போல்ட்டுகளைக் கைப் பலத்தால் அல்ல, அளவு காட்டும் ஸ்பானரால், உரிய வரிசையில் முடுக்க வேண்டும். என்ஜின் எண்ணெயையும் மாற்ற வேண்டும். கழற்றிய பழைய தகட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வெந்த இடம் கண்ணுக்குத் தெரியும்.

கேட்க வெட்கமாக இருக்கிறதா? உத்திரமேரூர்க்காரர் வெட்கப்படலாமா! வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் 919, 921 ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுகள் இருக்கின்றன. முதலாம் பராந்தகன் காலத்தவை. ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம் இருந்தது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி குடவோலைக்கு நிற்க முடியாது. அவருடைய உறவினருக்கும் அதே கதிதான்!

அந்த டிரைவர் அடகு வைத்த நகையை இன்னும் மீட்கவில்லை. வட்டி கட்டி வருகிறார். இப்போதும் காலை ஐந்து மணிக்குக் கார் கிளம்புகிறது. புகையும் வருகிறது. டீக்கடையில் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் நின்றுவிடுகிறதாம்.